ஹாலோவீன் பேய் வீடுகள்: டிக்கெட் எடுப்பதிலிருந்து தரவரிசை போடுவது வரை

ஒரே இரவு, ஒரே பேய் வீடு. ஒன்பது மணிக்கு உள்ளே போனவர், "இந்த வருஷம் இதை அடிச்சுக்க வேற வீடு கிடையாது" என்கிறார். ஒன்பதரைக்குப் போனவர், "ஒரு இடத்தில்கூடத் தூக்கிவாரிப் போடவில்லை, பொம்மைக் கண்காட்சிதான்" என்கிறார். ரசிகர்களுக்குள் வருஷா வருஷம் நடக்கும் சண்டைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகிறது. இரண்டு பேரும் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஹாலோவீன் காலத்தில் கேளிக்கைப் பூங்காக்கள் கட்டும், நடந்தே கடக்க வேண்டிய இந்தப் பேய் வீடு எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடும் படம் இல்லை. சுவருக்குப் பின்னால் நிற்கும் ஒரு மனிதர், நீங்கள் அந்தத் திருப்பத்துக்கு வரும் நொடியைக் கணக்குப் பண்ணி வெளியே பாய்கிறார். அந்த நொடி உங்களுக்கு வாய்த்ததா, உங்களுக்கு முன்னால் போனவருக்கு வாய்த்ததா என்பதை வைத்தே அந்த வீடு உங்களுக்குப் பிடிக்கிறது அல்லது பிடிக்காமல் போகிறது.

அந்த நொடியை முடிந்தவரை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளத்தான் இந்த வழிகாட்டி. எல்லாம் நம் கையில் இல்லை. ஆனால் நாள், நேரம், வரிசை, நடை என்று நம் கையில் இருப்பவையும் நிறைய.

முதலில் எந்த விழா என்று முடிவு செய்யுங்கள்

"ஹாலோவீன் விழா" என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன. இது தெரியாமல் டிக்கெட் எடுத்து ஏமாறுபவர்கள் அதிகம்.

பேய் வீடு கட்டும் பூங்கா விழாக்களுக்கு மூத்தது கலிஃபோர்னியாவின் புவெனா பார்க்கில் இருக்கும் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம். அங்கே 1973-இல் மூன்று இரவுகளாகத் தொடங்கியதுதான் இன்று நாட்ஸ் ஸ்கேரி ஃபார்ம். அதன் உயிர் 'கோஸ்ட் டவுன்' தெருக்களில் இருக்கிறது. ஆள் தெரியாத அளவுக்குப் புகை. அதற்குள்ளிருந்து முட்டியில் உலோகத் தகடு கட்டிய 'ஸ்லைடர்கள்' ஓடிவந்து, தரையில் தீப்பொறி பறக்கச் சறுக்கி, உங்கள் காலடியில் வந்து நிற்பார்கள். துரத்தப்பட வேண்டும், ஓட வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது நாட்ஸ்தான்.

ஃபுளோரிடாவின் யூனிவர்சல் ஆர்லாண்டோ வேறு ரகம். 1991 அக்டோபரில் 'ஃபிரைட் நைட்ஸ்' என்ற பெயரில் மூன்றே இரவு, 'டன்ஜன் ஆஃப் டெரர்' என்ற ஒரே வீடு, 12.95 டாலர் டிக்கெட் என்று ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே பெயர் 'ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்' ஆனது. 2018 முதல் வழக்கமாகப் பத்து வீடுகள், கூடவே நடிகர்கள் தெருவிலேயே திரிந்து பயமுறுத்தும் 'ஸ்கேர் ஸோன்கள்'. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஆரம்பித்து நவம்பர் முதல் வாரம் வரை, குறிப்பிட்ட இரவுகளில் மட்டும் நடக்கும். கதை, செட், வெளிச்சம், வாசனை என்று ஒரு வீட்டுக்குள் முழு உலகத்தையே கட்டுவதில் இவர்களுக்கு இணையில்லை. முதல் முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை ஆர்லாண்டோ.

யூனிவர்சல் ஹாலிவுட் உண்மையான படப்பிடிப்புத் தளத்தில் இருப்பதால், 'டெரர் டிராம்' என்று ஸ்டுடியோவின் வெளிப்புற செட்டுகளுக்கு நடுவே இறக்கிவிட்டு நடக்க வைப்பார்கள். இது வேறு எங்கும் கிடைக்காது. ஆசியாவில் சிங்கப்பூரின் செந்தோசாவிலும் ஜப்பானின் ஒசாகாவிலும் உள்ள யூனிவர்சல் பூங்காக்கள் இந்த விழாவை 2011-இல் தொடங்கின. சிங்கப்பூரில் பொந்தியானாக் போன்ற இந்த வட்டாரப் பேய்களை வைத்துக் கட்டும் வீடுகள்தான் சிறப்பு. அவற்றை விட்டுவிட்டு ஹாலிவுட் வீடுகளுக்கு மட்டும் வரிசையில் நிற்பது பெரிய இழப்பு. ஹாங்காங் ஓஷன் பார்க் 2001-லும், இங்கிலாந்தின் தார்ப் பார்க் 2002-லும், ஆல்டன் டவர்ஸ் 2007-லும் இந்தக் களத்துக்கு வந்தன.

சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். டிஸ்னி வேர்ல்டில் நடக்கும் 'மிக்கிஸ் நாட்-ஸோ-ஸ்கேரி ஹாலோவீன் பார்ட்டி' அவர்களுக்கானது: மிட்டாய், ஊர்வலம், வாணவேடிக்கை, வேடமிட்டுப் போகவும் அனுமதி. நடந்து போகும் பேய் வீடு அங்கே கிடையாது. அமெரிக்க யூனிவர்சல் விழாக்கள் 13 வயதுக்குக் கீழே பரிந்துரைப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. வாசலில் யாரும் வயதைச் சோதித்துத் தடுக்கவில்லை என்பதற்காக எட்டு வயதுக் குழந்தையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அழுது அழுது தொண்டை கட்டிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவழியில் வெளியேறும் பெற்றோரைப் பார்த்தால் மனசு கனத்துவிடும்.

நாளைத் தேர்ந்தெடுங்கள்

செலவில்லாமல் உங்கள் அனுபவத்தை மாற்றக்கூடிய முடிவு இதுதான். அக்டோபர் சனிக்கிழமைகளில் பெயர் வாங்கிய வீட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டி வரும். செப்டம்பரின் வார நாட்களிலும் பல ஞாயிறுகளிலும் அதே வீடு பாதி நேரத்துக்கும் குறைவாகக் கிடைக்கும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. தொடக்க வாரத்தில் நடிகர்கள் இன்னும் தங்கள் இடத்தைக் கற்றுக்கொண்டிருப்பார்கள்; ஒலி, வெளிச்சம் எல்லாம் அப்போதுதான் சீர்செய்யப்படும். கடைசி வாரத்தில் அவர்கள் கைதேர்ந்திருப்பார்கள், ஆனால் களைத்திருப்பார்கள், கூட்டமும் அலைமோதும். என்னைக் கேட்டால் செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை வரும் வார நாட்கள்தான் உச்சம். ஹாலோவீன் அன்றே, அதாவது அக்டோபர் 31 அன்றே போக வேண்டும் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். அந்தக் கொண்டாட்ட மனநிலைக்காகப் போகலாம். எல்லா வீடுகளையும் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் வேறு நாள் பாருங்கள்.

டிக்கெட் வகைகள்

அமெரிக்காவின் பெரிய விழாக்கள் பலவற்றுக்குப் பகல் டிக்கெட் செல்லாது. இரவுக்குத் தனி டிக்கெட். அதற்கு மேல் தனி வரிசையில் சீக்கிரம் போக எக்ஸ்பிரஸ் பாஸ், வழிகாட்டியோடு போகும் 'ஆர்.ஐ.பி. டூர்', பல இரவுகளுக்கான பாஸ் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

ஒரே ஒரு இரவுதான் கையில் இருக்கிறது, அதுவும் அக்டோபர் வார இறுதி என்றால், எக்ஸ்பிரஸ் பாஸ் இல்லாமல் பத்து வீட்டையும் முடிப்பது நடக்காத காரியம். எக்ஸ்பிரஸ் என்றால் காத்திருப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். நிற்க வேண்டியிருக்கும், குறைவாக. இரண்டு இரவு போக முடிகிறவர்கள் அந்தப் பணத்தை இரண்டாவது இரவுக்குப் போடுங்கள் என்பேன். ஒரே வீட்டை இரண்டு வேறு இரவுகளில் பார்ப்பது, பத்து வீட்டையும் ஒரே இரவில் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட நிறைய கற்றுக்கொடுக்கும்.

ஆர்லாண்டோவில் மிகப் பயனுள்ளது 'ஸ்டே அண்ட் ஸ்க்ரீம்'. பகலில் பூங்காவுக்குள் இருந்தவர்கள், கையில் இரவு டிக்கெட்டும் இருந்தால், பூங்கா மூடியதும் வெளியே போகாமல் அதற்கென ஒதுக்கிய இடங்களில் காத்திருக்கலாம். வாசலில் நிற்கும் கூட்டம் உள்ளே வருவதற்கு முன்பே சில வீடுகளின் வரிசை இவர்களுக்குத் திறந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று வீட்டை முடித்துவிடலாம்.

தயாரிப்பு

ஆர்லாண்டோவில் வேடத்துக்கும் முகமூடிக்கும் அனுமதி இல்லை. யார் நடிகர், யார் பார்வையாளர் என்று குழப்பம் வரக் கூடாது என்பதால்தான். பழகிய ஷூவைப் போடுங்கள். புது ஷூ அன்றைக்கு வேண்டாம். பை வேண்டாம், இடுப்புப் பை போதும். ஃபுளோரிடாவில் அந்தப் பருவத்தில் புழுக்கமும் திடீர் மழையும் உண்டு, ஆகவே மடித்துப் பையில் வைக்கிற மழைக்கோட்டு ஒன்று கட்டாயம். மழை வந்தால் தெரு நடிகர்களை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் வீட்டு வரிசைக்குப் போய்விடுங்கள், பலர் ஒதுங்கி நிற்பதால் வரிசை குறையும்.

வலிப்பு நோய் உள்ளவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு இருக்கும், செயற்கைப் புகை இருக்கும். வாசல் பலகையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் ஊழியரிடம் கேளுங்கள்.

இரவுத் திட்டம்

கூட்டத்தின் இயல்பு, வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டிலும், பெரிய சினிமாப் பெயர் கொண்ட வீட்டிலும் முதலில் போய் விழுவது. ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே பார்த்து, உள்ளே ஒதுங்கியிருக்கும் வீடுகளிலிருந்து தொடங்குங்கள். ஸ்டே அண்ட் ஸ்க்ரீமில் இருப்பவர்கள் மட்டும் இதற்கு நேர்மாறாக, பெயர் பெற்ற வீட்டை முதலிலேயே முடித்துவிடலாம்.

எட்டிலிருந்து பதினொன்று வரை எல்லா வரிசையும் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தை ஸ்கேர் ஸோன்களுக்கும் மேடை நிகழ்ச்சிக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்குங்கள். ஸ்கேர் ஸோனை வீட்டுக்குப் போகும் வழி என்று நினைத்துக் கடந்துவிடுபவர்கள்தான் அதிகம். ஒரு ஓரமாகப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சங்கிலி ரம்பத்தோடு ஒருவர் கூட்டத்தில் யாரைத் தேர்ந்தெடுக்கிறார், பின்னால் எப்படிப் பதுங்கி வருகிறார், எந்த நொடியில் இயந்திரத்தைக் கிளப்புகிறார் என்று கவனித்தால் இந்தக் கலையின் அரிச்சுவடி அங்கேயே புரிந்துவிடும். அந்த ரம்பத்தில் வெட்டும் சங்கிலி இருக்காது, கழற்றியிருப்பார்கள். சத்தமும் பெட்ரோல் வாடையும் மட்டுமே போதுமானதாக இருக்கிறது.

கடைசி ஒரு மணி நேரம் பொன்னான நேரம். பாதிக் கூட்டம் கிளம்பியிருக்கும். மூடும் நேரத்துக்கு முன் வரிசைக்குள் வந்துவிட்டவர்களைப் பொதுவாக உள்ளே அனுப்பிவிடுவார்கள் என்பதால், மிகவும் பிடித்த வீட்டின் இரண்டாவது சுற்றை இந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்: பயம் எப்படிக் கட்டப்படுகிறது

ஒரு வீட்டுக்குள் நீங்கள் இருக்கப்போவது சில நிமிடங்கள்தான். அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் குறைந்துவிடுமோ என்று பலர் கேட்பார்கள். குறையாது. உடம்பு துள்ளுவது மூளையைக் கேட்டு நடப்பதில்லை.

ஒரு சமையலறைக் காட்சி என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் மேஜை மேல் ஒரு பிணம், அதன் மேல் மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பல்பு. அழுகல் வாடை ஒன்று காற்றில் ஊதப்படுகிறது. உங்கள் கண் வெளிச்சத்துக்குப் போகிறது, போயே தீரும். வலப்பக்கம் இருட்டில் ஓர் அலமாரி, அதில் முகம் தெரியும் அளவுக்கு ஒரு பலகை. பலகைக்குப் பின்னால் நிற்பவர் சின்னத் துவாரம் வழியாக உங்கள் தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் தலை இடப்பக்கம் திரும்பிய மறுகணம் அவர் கை ஒரு பொத்தானை அழுத்துகிறது. பலகை தடாலென்று கீழே விழுகிறது, அவர் முகத்தில் வெளிச்சம் அடிக்கிறது, ஒரு அலறல் ஒலிபெருக்கியில் வெடிக்கிறது, எல்லாம் ஒரே நொடியில். இரண்டு நொடி. பலகை மேலேறி மூடிக்கொள்கிறது. அவர் மறுபடி துவாரத்தில் கண் வைக்கிறார். இரவு முழுக்க இதே வேலை, ஆனால் ஒவ்வொரு தடவையும் எதிரே நிற்பது வேறு ஆள்.

ரசிகர்கள் இந்த மறைவிடத்தை 'பூ ஹோல்' என்பார்கள். ஒருவர் கவனத்தை இழுக்க, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர் பாய்வது அடுத்த நிலை. பல இடங்களில் பயமுறுத்தல் பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வருவதற்குக் காரணம் உண்டு: முன்னால் வந்து பயமுறுத்தினால் கூட்டம் பின்வாங்கி, வரிசை அடைத்துக்கொள்ளும். உங்களை முன்னால் துரத்தினால்தான் வரிசை நகரும்.

இப்போது நம் கையில் இருப்பது. பெரிய விழாக்களில் கூட்டத்தைக் குழுக் குழுவாகப் பிரித்து விட மாட்டார்கள். தொடர் வரிசையாக விடுவார்கள். ரசிகர்கள் இதைக் 'காங்கா லைன்' என்று சலித்துக்கொள்வார்கள். முன்னால் போகிறவரின் முதுகில் ஒட்டிக்கொண்டு போனால், அவருக்கு விழும் அடியை நீங்கள் பார்த்துவிடுவீர்கள். உங்கள் முறை வரும்போது பலகை மேலேறிக்கொண்டிருக்கும். ஆகவே அறைக்குள் நுழையும் முன் நடையைக் கொஞ்சம் தளர்த்தி, மூன்று நான்கு அடி இடைவெளி விடுங்கள். நிற்கக் கூடாது, நின்றால் ஊழியர் டார்ச் அடித்து நகரச் சொல்வார், பின்னால் வருகிறவர்களின் அனுபவமும் கெடும். அந்தச் சின்ன இடைவெளியே நடிகருக்கு உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது, முழுதாகப் பார்ப்பது. பயத்தில் எல்லோரும் நேராகப் பார்த்தே நடந்துவிடுவார்கள். வாசல் முகப்பை நிமிர்ந்து பாருங்கள். யூனிவர்சலில் படப்பிடிப்பு அரங்குக்குள் கட்டும் வீடுகளுக்கு உயரம் அதிகம் கிடைக்கும் என்பதால் இரண்டு மாடி முகப்பு, பெரிய வெளிப்புறக் காட்சி எல்லாம் அங்கேதான் சாத்தியம். கூடாரத்துக்குள் கட்டும் வீடுகள் இறுக்கமாக, தாழ்வாக இருக்கும். இறுக்கம் குறையில்லை, சில கதைகளுக்கு அதுதான் பலம்.

நடிகர்கள் இரண்டு அணிகளாக மாறி மாறி வேலை செய்வார்கள். அணி மாறும் சில நிமிடங்களில் உள்ளே போக நேர்ந்தால் நிறைய மறைவிடங்கள் காலியாக இருக்கும். ஒரு வீட்டில் தொடர்ந்து மூன்று நான்கு அறை செத்துக் கிடந்தால், வீடு மோசம் என்று முடிவு கட்டாதீர்கள். அணி மாற்றத்தில் மாட்டியிருக்கலாம். முடிந்தால் இன்னொரு முறை போங்கள்.

பயம் தாங்காவிட்டால்

பயப்படுவது குறைந்த ரசனை என்றோ, பயப்படாமல் இருப்பது வீரம் என்றோ பேசும் பழக்கம் ரசிகர்களிடம் உண்டு. இரண்டுமே சரியில்லை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வைலே நகரில் 'டிஸ்டோப்பியா' என்ற பேய் வீட்டுக்கு வந்த 110 பேருக்கு இதயத் துடிப்பு மானி மாட்டி அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2020-இல் வெளிவந்தது. பயம் ஏற ஏற ரசனையும் ஏறுகிறது. ஒரு எல்லையைத் தாண்டினால் இறங்கத் தொடங்குகிறது. அதே குழுவினரின் முந்தைய ஆய்வு ஒன்றில், பயத்தைக் கூட்டிக்கொள்ளப் பார்ப்பவர்களும் அதை அடக்கிக்கொள்ளப் பார்ப்பவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்தியோடு வெளியே வந்தார்கள். ஆகவே உங்கள் எல்லை எது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

குறைத்துக்கொள்ள வேண்டுமா? செட்டைப் பாருங்கள்: சுவரின் வண்ணப்பூச்சு, மேஜை மேல் இருக்கும் பொருட்கள், விளக்கு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். கூட வந்தவரின் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடாதீர்கள், தடுக்கி விழுவீர்கள், அதோடு கண்ணை மூடியவரை நடிகர்கள் சும்மா விட மாட்டார்கள். பேரைச் சொல்லிக் கத்தாதீர்கள். "ஏ பிரியா, என்னை விட்டுட்டுப் போகாத" என்று நீங்கள் கத்தியது அடுத்த அறை வரை கேட்கும்; அங்கே சுவருக்குப் பின்னாலிருந்து "பிரியா..." என்று ஒரு குரல் வரும்.

அதற்கு மேலும் முடியவில்லை என்றால், கறுப்பு உடையில் டார்ச்சோடு ஆங்காங்கே நிற்கும் ஊழியரிடம் வெளியே போக வேண்டும் என்று சொல்லுங்கள். எந்தக் கேள்வியும் கேட்காமல் பக்க வழியில் கூட்டிப்போவார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சில பூங்காக்களில், கழுத்தில் போட்டுக்கொண்டால் நடிகர்கள் பக்கத்தில் வராமல் விலகிப் போகும் ஒளிரும் மாலையும் விற்கிறார்கள்.

தீயும் வெளியேறும் வழியும்

ரசிகர்கள் மிகக் குறைவாகப் பேசுவது இதைப் பற்றித்தான். 1984 மே 11 அன்று நியூ ஜெர்சியில் உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவில், 'ஹான்டட் காஸில்' என்ற நடந்து போகும் பேய் மாளிகை தீப்பிடித்து எட்டு பதின்பருவத்தினர் இறந்துபோனார்கள். லாரி டிரெய்லர்களை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டிய மாளிகை அது. தற்காலிகக் கட்டடம் என்ற கணக்கில், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் பீச்சும் ஸ்ப்ரிங்க்ளர் பொருத்தப்படவில்லை. இருட்டில் வழி பார்க்க ஒருவர் பற்றவைத்த லைட்டர் சுவரின் நுரைப் பஞ்சில் பட்டதுதான் தொடக்கம் என்று சாட்சியங்கள் கூறின. உள்ளே மாட்டியவர்களுக்கு எது காட்சி, எது நிஜப் புகை என்று புரியவே நேரமாகியிருக்கும்.

அதன் பிறகு அமெரிக்கத் தீயணைப்பு விதிகளில் இப்படிப்பட்ட கேளிக்கைக் கட்டடங்களுக்கென்றே தனிப் பகுதி வந்தது: ஸ்ப்ரிங்க்ளர், புகையைக் கண்டுபிடிக்கும் கருவி, ஆபத்து என்றால் சத்தங்கள் நின்று விளக்குகள் எரியும் ஏற்பாடு. ஆகவே நீங்கள் மனசில் பதிய வைக்க வேண்டியது ஒன்று: உள்ளே இசை சட்டென்று நின்று, விளக்குகள் எல்லாம் எரிந்தால், அது காட்சியின் பகுதி இல்லை. சிரித்துக்கொண்டு நிற்காமல் ஊழியர் காட்டும் வழியில் வெளியேறுங்கள். லைட்டர், தீக்குச்சி, சிகரெட் எதையும் உள்ளே எடுக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் வெளியேறும் வழிப் பலகை எரிந்துகொண்டுதான் இருக்கும். காட்சியின் அழகைக் கெடுக்கிறது என்று அதைக் குறை சொல்கிறவர்களிடம் இந்த எட்டுப் பேரைப் பற்றிச் சொல்லுங்கள்.

நடிகர்களிடம்

அவர்கள் உங்களைத் தொட மாட்டார்கள். நீங்களும் தொடக் கூடாது. பயத்தில் கை ஓங்குவது சிலருக்கு அனிச்சையாக வரும். அப்படிப்பட்டவர்கள் கையைக் கட்டிக்கொண்டோ சட்டைப் பையில் விட்டுக்கொண்டோ நடப்பது நல்லது. குடித்துவிட்டு வந்து நடிகரைத் தள்ளுவதும், முகத்தில் டார்ச் அடிப்பதும், போனில் படம் பிடிப்பதும் இந்த விழாக்களைப் பீடித்த நோய். ரப்பர் முகத்துக்குள் வியர்வை வழிய, மணிக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, நன்றாகப் பயப்பட்டுவிட்டு நகர்வது. ஒரு நடிகர் அசத்திவிட்டால், வீடு, அறை, நேரம் மூன்றையும் குறித்து விருந்தினர் சேவை மையத்தில் சொல்லுங்கள். அது அவர்களைப் போய்ச் சேரும். முகமூடிக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று தேடிக் கண்டுபிடித்துப் பெயரைப் பரப்புவது மட்டும் கூடவே கூடாது.

திரும்பி வந்து பேசுவது

வீடுகளை வரிசைப்படுத்தாமல் ரசிகர்களுக்குத் தூக்கம் வராது. எனக்கும்தான். அதைக் கொஞ்சம் நியாயமாகச் செய்யலாம்.

ஒரு வீட்டுக்கு மதிப்பெண் போடும்போது முகப்பு, கதை, செட், நடிகர்கள், பயமுறுத்தல், முடிவுக் காட்சி என்று பிரித்துப் பாருங்கள். இவற்றில் பயமுறுத்தலும் நடிகர்களும்தான் இரவுக்கு இரவு மாறுபவை, மற்றவை மாறாது. "செட் பிரமாதம், நான் போனபோது ஆட்கள் குறைவு" என்று ஒருவர் எழுதினால் படிப்பவருக்குப் பயன் உண்டு. "குப்பை" என்று எழுதினால் இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை முறை, எக்ஸ்பிரஸா சாதா வரிசையா என்பதையும் சேர்த்துச் சொல்பவரின் கருத்துக்கு நான் எப்போதும் கூடுதல் எடை கொடுப்பேன்.

சினிமா வீடா, சொந்தக் கதை வீடா என்ற வாதம் ஓயாதது. படத்தை வைத்துக் கட்டும் வீட்டுக்கு ஒரு கடமை இருக்கிறது: எல்லோருக்கும் தெரிந்த காட்சிகளை வரிசையாகக் காட்டியாக வேண்டும். அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியும். சொந்தக் கதைக்கு அந்தக் கட்டு இல்லை. 2022-இல் ஆர்லாண்டோவில் வந்த 'டெட் மேன்ஸ் பியர்: விண்டர்ஸ் வேக்' பனி மூடிய ஒரு மீனவக் கிராமத்தைக் கட்டி, சோகமான ஒரு இசையைக் கேட்க வைத்தது. அழகையும் துக்கத்தையும் பயத்தோடு சேர்த்துப் பிசைந்த வீடு. படக் கதை எதுவும் இப்படியொரு வீட்டைக் கட்ட இடம் கொடுத்திருக்காது என்று நினைக்கிறேன். 2018-இன் 'டெட் எக்ஸ்போஷர்: பேஷன்ட் ஸீரோ' இன்னொரு எல்லை: கும்மிருட்டு, கண்ணைக் கூச வைக்கும் மின்னல் வெளிச்சம், மறுபடி கும்மிருட்டு. வெளிச்சம் வந்த நொடியில் தூரத்தில் நின்றவர் அடுத்த வெளிச்சத்தில் பக்கத்தில் நிற்பார். 2000-இல் அறிமுகமான ஜாக் என்ற கோமாளியும் விழாவுக்கென்றே பிறந்த பாத்திரம்தான். இன்றும் அவர் பேரைச் சொன்னாலே ரசிகர்கள் எழுந்து உட்காருவார்கள். இதெல்லாம் பார்த்துத்தான் நான் சொந்தக் கதை வீடுகளின் பக்கம் நிற்கிறேன். படத்தை நேசித்தவர்களுக்கு அந்த வீட்டுக்குள் நிஜமாகவே நடந்து போகும் சந்தோஷம் பெரிது என்பதையும் மறுக்க மாட்டேன்.

விழா தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே, எந்தக் கதை எந்த இடத்தில் வரும் என்று ரசிகர்கள் 'ஸ்பெக் மேப்' தயாரிப்பார்கள். யூகத்தை அடுக்குவது தனிச் சுகம். யூகத்தை நம்பி விமான டிக்கெட் எடுப்பது மட்டும் வேண்டாம். பூங்கா தானே அறிவிக்கும் வரை எதுவும் உறுதியில்லை.

இன்னும் போகாத ஒருவர் உங்களிடம் கேட்டால், கதையின் தொடக்கத்தையும் முகப்பையும் சொல்லுங்கள், வரிசையின் நீளத்தைச் சொல்லுங்கள், எங்கே படிக்கட்டு இருக்கிறது, எங்கே குனிய வேண்டும் என்று சொல்லுங்கள். எந்தச் சுவரிலிருந்து ஆள் வருவார் என்பதையும் முடிவுக் காட்சியையும் அவர் வற்புறுத்திக் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, விளக்கைப் போட்டுப் பார்ப்பது

ஆர்லாண்டோவில் 'அன்மாஸ்கிங் த ஹாரர்' என்று பகல் நேரச் சுற்றுலா ஒன்று உண்டு. தனிக் கட்டணம். வழிகாட்டி ஒருவர் சில வீடுகளுக்குள் விளக்கைப் போட்டுக் கூட்டிப்போய், ஒவ்வொரு அறையும் எப்படி யோசிக்கப்பட்டது என்று விளக்குவார். இரவில் கருங்கல் என்று நினைத்தது வண்ணம் பூசிய நுரை என்று தெரியும். வாசனை எங்கிருந்து வந்தது, நடிகரின் கை எந்தப் பொத்தானில் இருந்தது, எந்தத் துவாரத்தில் கண் வைத்திருந்தார் என்று எல்லாம் காணலாம். பயமுறுத்தல் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது இதில் முழுதாக வெளிப்பட்டுவிடும் என்பதால், இரவில் பார்த்த பிறகு வரும் நாளுக்கே இதைப் பதிவு செய்யுங்கள். குழுக்கள் சிறியவை, இடங்கள் சீக்கிரம் தீரும். இரவு டிக்கெட் எடுக்கும்போதே இதையும் எடுத்துவிடுவது நல்லது. இரவில் உங்களை அதிகம் துள்ள வைத்த ஒரு அறையையும், ஒன்றுமே நடக்காமல் போன ஒரு அறையையும் குறித்துக்கொண்டு போய், இரண்டிலும் நடிகர் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.